ஒரே நாடு 78, 122, 128: எந்தப் பட்டியல நம்புற?

பாலத்தடிக் கடைக்காரன் (கல்லடி) கேட்டது:

எங்கட வீட்டுல ஒரு கிழமையா ராச் சாப்பாடு ஒழுங்கா இறங்கல்ல. அத்தான் டோஹாவில இருந்து லீவுல வந்திரிக்கார். பதினொரு வருஷமா அங்க கட்டட வேலை, இப்ப ஃபோர்மன். சாப்பிட இருந்தா ஒரு கையில சோறு, மத்தக் கையில போன். "ஆள்வீத வருமானத்துல கட்டார் எங்க நிக்கிது, நீங்க எங்க நிக்கிறீங்க பாருங்க" எண்டு ஒவ்வொரு பட்டியலா வாசிப்பார். முந்தநாள் புதுசா ஒண்டு: ஆயிரம் பேருக்கு ஆகக் குறைய ஆக்கள் சாகிற நாடுகள்ல கட்டாரும் ஒண்டாம். "அங்க சாவே இல்லடா" எண்டார். ஐயா மோசம்போய் ஆறு மாசம்தான் ஆகுது. அம்மா கோப்பையோட எழும்பி அடுப்படிக்குப் போயிட்டா.

ஆனா என்ட கவலை அது இல்ல. அக்காட மகன் இந்த வருஷம் ஓ/எல் (11ஆம் வகுப்புச் சோதினை). எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிரிக்கான். "இப்பிடிப் பின்னுக்கு நிக்கிற நாட்டுல ஏ/எல் (அடுத்த உயர்தரம்) படிச்சி என்ன மாமா செய்ற?" எண்டு என்னட்டயே கேட்டுட்டான்.

நானும் விடல்ல. போட்டோக்கொப்பிக்கு ஆள் வராத நேரமாப் பாத்துத் தேடினன். மனித அபிவிருத்திச் சுட்டெண், 2023/24 அறிக்கை: 193 நாட்டுல எங்கட இலங்கை 78. இந்தியா 134, பாகிஸ்தான் 164. நெஞ்ச நிமித்திக்கொண்டு போய்க் காட்டினன். அத்தான் ஒரு நிமிஷத்துல மகிழ்ச்சிப் பட்டியல எடுத்தார்: 2024ல 143 நாட்டுல நாங்க 128, பாகிஸ்தான் 108. அக்காவும் சும்மா இருக்கல்ல, 2024 ஆண்-பெண் இடைவெளிப் பட்டியல்ல 146ல 122 எண்டு அவவும் ஒண்டக் கொண்டு வந்தா.

ஒரே தீவு, கிட்டத்தட்ட ஒரே காலம். இது எப்பிடி? இதுகள்ல எத நம்புற? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க. அத்தான் இன்னும் ரெண்டு கிழமை நிப்பார்.

---

நிந்தவூர் நெல்லுக்காரன்:

மகிழ்ச்சிப் பட்டியல நான் எங்கட உம்மாட்டச் சோதிச்சுப் பாத்திரிக்கன். அவங்க கேக்கிற கேள்வி ஒண்டே ஒண்டுதான். ஒரு ஏணிய நினைச்சுக்கோங்க, அடியில சைபர், உச்சியில பத்து. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆக நல்ல வாழ்க்கை உச்சிப்படி, ஆக மோசமானது அடிப்படி. இப்ப எந்தப் படியில நிக்கிறீங்க? ஒரு நாட்டுல வருஷத்துக்கு ஆயிரம் பேரளவுல கேட்டு, மூணு வருஷத்தக் கூட்டிச் சராசரி எடுப்பாங்க. இடம் வாறது அந்த விடையில மட்டும்தான். வருமானம், சுகம், ஊழல் எல்லாம் பிறகு விளக்கம் சொல்றதுக்கு.

உம்மா சொன்ன விடை: "ஏணியா? எனக்கு முழங்கால் ஏலாது மனே. நான் கீழயே நிக்கிறன், நீ ஏறு." சைபர் எண்டு எழுதிக்கிட்டன்.

பகிடிய விடுங்க. 2024 அறிக்கையெண்டா 2021, 22, 23 மூணு வருஷத்துச் சராசரி. 2021ல எங்கள ரசாயன உரம் போட விடல்ல. என்ட வயல் அந்தப் பெரும்போகம் மஞ்சளாத்தான் நிண்டது, வெட்டுக் கூலிக்கும் கட்டல்ல. 2022ல பெற்றோல் கியூவில ரெண்டு ரா படுத்தன். அந்த நேரம் ஒருத்தன் வந்து என்னட்ட ஏணிக் கதை கேட்டிருந்தா ஏணியாலயே குடுத்திருப்பன். 128 வந்ததே பெரிய காரியம்.

---

ஆரையம்பதி வாத்தியார்:

தம்பி, அத்தானோட சண்டை பிடிக்காதீங்க. அவர் வாசிக்கிற இலக்கம் ஒண்டும் பொய் இல்ல. அந்த இலக்கத்துக்குள்ள அவரே நிக்கிறார், அதுதான் அவருக்குத் தெரியல்ல.

முதல்ல அந்தச் சாவுக் கதை. கட்டார்ல 30 இலட்சமளவு சனம், பத்துக்கு ஒன்பது பேர் வெளிநாட்டார். நாலுக்கு மூணு கணக்குல ஆம்பிளையள், அதுலயும் அநேகம் உழைக்கிற வயசு. போக முதலே நெஞ்சுப் படம், ரத்தம் எல்லாம் பாத்துத்தான் விசா. வயசு போனா, வருத்தம் வந்தா கொன்ட்ராக்ட் முடிச்சி வீட்ட அனுப்புவாங்க. உங்கட அத்தான் எழுபது வயசுல எங்க இருப்பார்? கல்லடியில. அவர்ர முதுமை முழுக்க நம்மட கணக்கு, இளமை அவங்கட கணக்கு. இதப் பருமட்டான இறப்பு வீதம் எண்டு சொல்ற. ஜப்பான்ல இது ஆயிரத்துக்கு 12க்கு மேல, கட்டார்ல ஒண்டு ரெண்டு. ஜப்பான்காரன் கெதியாச் சாகிறான் எண்டு அர்த்தமில்ல. அவன் எண்பத்துச் சொச்சம் வரைக்கும் இருக்கிறான், அதால அங்க கிழவன் கிழவி கூட. ஒப்பிடுறதெண்டா ஆயுள் எதிர்பார்க்கைய (பிறக்கிற பிள்ளை சராசரியா எத்தனை வயசு வரைக்கும் இருக்கும் எண்ட கணக்க) எடுக்கணும். அதுல வயசு வித்தியாசம் கழிபட்டுப் போகும்.

வருமானமும் இதே மாதிரித்தான். கட்டார்ர ஆள்வீத உற்பத்தி 70,000 டொலருக்கு மேல. 2021 மார்ச்சில இருந்து அங்க சட்டப்படி ஆகக் குறைஞ்ச அடிப்படைச் சம்பளம் மாசம் 1,000 ரியால். ஒரு டொலருக்கு 3.64 ரியால், அப்ப வருஷத்துக்கு 3,300 டொலர். தங்க இடமும் சாப்பாடும் குடுக்காட்டி இன்னும் 800 ரியால் சேரும். சராசரிக்கும் இதுக்கும் இருக்கிற தூரத்த நீங்களே அளந்து பாருங்க. எரிவாயு வித்த காசு மேல, வேலை செய்றவன் தலை கீழ. மொத்தக் காச எத்தனை தலையால பிரிக்கிற எண்ட இலக்கத்துல அத்தானையும் சேத்திருக்காங்க, பங்கு வைக்கிற பந்தியில சேக்கல்ல.

நான் ஏன் இதெல்லாம் கதைக்கிறன் எண்டா, 2012 சனத்தொகை மதிப்புல வீடு வீடாப் போய் எண்ணினவன். வீடு ஆரையம்பதி, பள்ளிக்கூடம் வாவிக்கு அங்கால படுவான்கரை. மண்முனைப் பாலம் திறந்தது 2014ல, அதுவரைக்கும் பாதையிலதான் (வாவியக் கடக்கிற மிதவை) மோட்டார்சைக்கிள ஏத்தி அக்கரைக்குப் போற. பாதைக்காரன் அந்தப் பக்கம் நிண்டா இந்தப் பக்கம் அரை மணித்தியாலம் வெயில்தான். ஒரு வீட்டுல ஒரு அம்மா பிள்ளைகள்ர பேர் எல்லாம் சொல்லி முடிச்சிட்டு, "மூத்தவள் சவூதியில, அவளையும் எழுதுங்க சேர்" எண்டா. வருஷக்கணக்கா வெளிநாட்டுல இருக்கிறவங்கள எழுதுறதில்லம்மா எண்டன். "இந்த வீடே அவள் கட்டின. இதுக்குள்ள இருக்கிற எங்கள எழுதுறீங்க, கட்டினவள எழுத மாட்டீங்களா?" நான் படிவத்தப் பாத்துக்கொண்டே தண்ணி கேட்டுக் குடிச்சன்.

அந்தப் பிள்ளைய வச்சி யோசிச்சுப் பாருங்க. இங்க தாய்க்கும் தம்பிமாருக்கும் சமைச்ச காலத்துல, அந்தச் சமையலுக்கு ஜிடிபியில (நாட்டு மொத்த உற்பத்திக் கணக்குல) ஒரு சதமும் இல்ல. அதே சோத்த ரியாத்தில வேற வீட்டுல ஆக்கினா, அவள்ர சம்பளம் சவூதிர ஜிடிபியில ஏறுது. அனுப்புற காசு நம்மட ஜிடிபியில நேரா வராது. வருஷத்துக்கு மேல அங்க இருக்கிறவள் எண்டா நம்மட மொத்தத் தேசிய வருமானத்துலயும் வராது, மாற்றல் எண்டு வேற கொப்பியில எழுதுவாங்க. ஆனா அந்தக் காசுல வீடு கட்டக்குள்ள மேசனுக்குக் குடுத்த கூலி வரும். அவள் இல்ல, மேசன் இரிக்கான்.

இன்னொண்டு. மட்டக்களப்பு மாவட்டத்த 1981க்குப் பிறகு முழுசா எண்ணினது அந்த 2012லதான். 2001ல 18 மாவட்டத்துலதான் எண்ணி முடிச்சாங்க. அதுல அம்பாறை இரிக்கி, நாங்க இல்ல. 1993 குடித்தொகை சுகாதார ஆய்வும், 2002 வீட்டு வருமானச் செலவு ஆய்வும் வடக்கு கிழக்குப் பக்கம் வரவே இல்ல. அந்தக் காலத்துலதான் இலங்கை எழுத்தறிவுல, ஆயுள்ல தெற்காசியாவுக்கே உதாரணம் எண்டு எல்லா இடமும் பேச்சு. அந்தப் பேச்சு பொய் எண்டு நான் சொல்ல வரல்ல. ஆனா அதுக்குள்ள எத்தனையோ இலக்கத்துல உங்கட அம்மாவும் இல்ல, நானும் இல்ல. அதனால எந்தப் பட்டியல் வந்தாலும் நான் இடத்தப் பாக்கிறதில்ல. ஆர எண்ணினாங்க, ஆரால பிரிச்சாங்க எண்டுதான் முதல்ல தேடுற.

உங்கட 78க்கு வாறன். பாகிஸ்தான்காரர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென்னோட சேந்து 1990ல கொண்டு வந்த கணக்கு அது. ஆயுள், படிப்பு, வருமானம் மூணும் சேரும். வருமானத்த அப்பிடியே போடாம மடக்கை எடுத்துப் போடுவாங்க, அதால பணக்கார நாட்டுக்கு இன்னும் ஆயிரம் டொலர் கூடினாலும் பெருசா ஏறாது. நம்மட இடம் வாறது மற்ற ரெண்டாலயும்தான். கொரோனா அடிச்ச 2021ல அமெரிக்காட ஆயுள் எதிர்பார்க்கை 76.4க்கு இறங்கிச்சு. நம்மடயும் ஏறக்குறைய அதுதான், வருமானத்துல எங்கயோ தூரத்துல நிண்டுகொண்டு. காசு வாங்காத பள்ளிக்கூடமும் காசு வாங்காத ஆஸ்பத்திரியும் செய்த வேலை அது. 1945ல தொடங்கின இலவசக் கல்வி. மருமகன் வேணாம் எண்டுறது அந்த 78 வந்த காரணத்தையேதான்.

அதுக்காக 78ஐயும் சாமி மாதிரிக் கும்பிடாதீங்க. முந்தின அறிக்கையில நாங்க 0.782 எடுத்து 73ஆம் இடம். அடுத்ததுல 0.780 எடுத்து 78ஆம் இடம். ஆயிரத்துக்கு ரெண்டு புள்ளி குறைய அஞ்சு இடம் போச்சு. வகுப்புல எத்தனையாம் பிள்ளை எண்டு ரிப்போட்டுல எழுதக்குள்ள என்ட கை எப்பவும் கொஞ்சம் தயங்கும், காரணம் இதுதான்.

---

ஏறாவூர் கணக்கர்:

வாத்தியார் சொன்னதுக்கு மேல ஒண்டு. 2019 ஜூலையில உலக வங்கி நம்மள 'உயர் நடுத்தர வருமான' நாடு எண்டு அறிவிச்சது. ஆள்வீதம் 4,060 டொலர். பத்திரிகையில எல்லாம் பெரிய எழுத்து. அடுத்த ஜூலையில 4,020க்கு இறங்கிச்சு, கோடு 4,046க்கு ஏறிச்சு. 26 டொலர் பத்தாம பழைய வகுப்புக்கே திரும்பி வந்தோம். அந்த ஒரு வருஷமும் ஏறாவூர்ல ஒரு கடையிலயும் பணக்கார நாட்டுக்காரன் மாதிரி ஒருத்தரும் சாமான் வாங்கல்ல. பிறகு 2022 டிசம்பர்ல, ஏழை நாடுகளுக்குக் குறைஞ்ச வட்டிக்குக் கடன் குடுக்கிற ஐடிஏ எண்ட உலக வங்கிப் பிரிவுல திரும்பவும் தகுதி கிடைச்சது. அதையும் நல்ல செய்தி எண்டுதான் போட்டாங்க. மேல போனாலும் நல்லம், கீழ வந்தாலும் நல்லம்.

---

களுதாவளை மச்சாள்:

உங்கட அக்கா காட்டின 122க்கு ஒருத்தரும் பதில் சொல்லல்லயே. ஆம்பிளையள் கதைச்சா இதுதான் நடக்கும்.

அந்தப் பட்டியல் தொடங்கின 2006ல இலங்கை எத்தனையாம் இடம் தெரியுமா? 13. அமெரிக்காவுக்கும் முன்னால. பொம்பிளையள் அப்ப ராணியா இருந்து இப்ப அடிமையாகிட்டாங்களா? இல்ல. அரசியல் எண்ட தலைப்புக்குள்ள, கடைசி 50 வருஷத்துல ஒரு பெண் நாட்டுத் தலைமையில எத்தனை வருஷம் இருந்தா எண்டு ஒரு கணக்கு. பிரதமரா இருந்த சிறிமாவும் சனாதிபதியா இருந்த சந்திரிகாவும் சேந்து 2006ல இருபது வருஷத்துக்கு மேல இருந்தது. வருஷம் ஓட ஓட 1960ல தொடங்கின சிறிமாட காலம் அந்த 50 வருஷத்துக்கு வெளியில வழுகிப் போச்சு. 2024ல மிச்சம் பதினாலு வருஷமளவுதான். கலண்டர் கிழிஞ்சதுக்கே புள்ளி குறைஞ்சிருக்கு. அந்த மறைப்பு விலகினாப் பிறகுதான் தெரியுது, 2020 பாராளுமன்றத்துல 225 பேர்ல பெண்கள் 12 பேர். வேலை செய்ற, இல்லாட்டி வேலை தேடுற பெண்கள் மூணுல ஒரு பங்கு அளவு. இதெல்லாம் 2006லயும் நல்லா இருந்ததில்ல. 13தான் பொய் மாதிரி, 122 கொஞ்சம் கிட்ட.

அதுல எங்கயும் இல்லாத ஒண்டு சொல்லட்டா? எங்கட பக்கம் தமிழரெண்டாலும் முஸ்லிமெண்டாலும் வீடு வளவு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். நான் இருக்கிற வீடு என்ட பேர்ல. அம்மா இருந்தது அம்மம்மாட பேர்ல இருந்து வந்தது. மாப்பிள்ளைதான் பெட்டியத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏதும் பிரச்சினையெண்டா வெளியில போக வேண்டியது நானில்ல. இதுக்கு அந்தப் பட்டியல்ல புள்ளி இல்ல. ஆனா பெருமைப்படவும் ஏலாது. அந்த வீட்ட ஆர் கட்டினது? என்ட தம்பி குவைத்துல எட்டு வருஷம் இருந்து கட்டினது. அவன் முப்பத்தாறு வயசுலதான் கலியாணம் முடிச்சான். உங்கட அத்தானையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்க, பதினொரு வருஷம் ஆருக்காகப் போனவர் எண்டு.

---

பாலத்தடிக் கடைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி வாத்தியார் சேர் எழுதினத அத்தானுக்கு வாசிச்சுக் காட்டினன். போனை வச்சிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தார். "நான் போகக்குள்ள 900 ரியால்" எண்டார். பிறகு மச்சாள்ட கேள்வியக் கேட்டன். ரெண்டு தங்கச்சிக்கும் வீடு, ஒண்டு செட்டிபாளையத்துல, ஒண்டு தாழங்குடாவில. ரெண்டாவதுக்கு இன்னும் பூச்சு முடியல்லயாம். எங்கட அக்கா வீடு எங்கட ஐயா கட்டினது. இத்தனை வருஷத்துல ஆருக்காகப் போனவர் எண்டு நாங்க அத்தானிட்டக் கேட்டதே இல்ல. அம்மா கேட்டுக்கொண்டு இருந்திட்டு அவருக்கு இன்னொரு மீன்துண்டு போட்டா.

உம்மாட ஏணிக் கதைக்கு அக்கா சிரிச்சி புரைக்கேறிட்டு.

மருமகன் கதைதான் வேற பக்கம் போயிட்டு. கட்டார் வேணாமாம். ஏ/எல் படிக்கிறானாம். ஆனா வாத்தியார் ஜப்பான்ல கிழவன் கிழவி கூட எண்டு எழுதினதக் கேட்டு, அங்க வயசானவங்களப் பராமரிக்க நம்மட ஆக்கள எடுக்கிறாங்க எண்டு ராவோட ராவாத் தேடிப் பிடிச்சிட்டான். காலையில இருந்து ஒரே கேள்வி, நான் என்னத்தச் சொல்ற? ஜப்பான் பாசை வகுப்பு ரவுனுக்குள்ள எங்கயும் நடக்குதா?