சின்ன டீமிடம் தட்டுத் தடுமாறி ஜெயித்த மேட்ச்: உங்கள் அணியின் கதை என்ன?

கொலம்பஸ், ஒஹாயோ

காலேஜ் ஃபுட்பால் (அமெரிக்கக் கல்லூரி அணிகள், பந்தைக் கையில் தூக்கி ஓடியும் வீசியும் ஆடும் ஃபுட்பால்) தொடர்ந்து பார்க்கிற எல்லோருக்கும் இப்படி ஒரு சனிக்கிழமை வாய்த்திருக்கும். சுலபமாக ஜெயிப்போம் என்று நம்பிப் போன மேட்சில் கடைசி நிமிடம் வரை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், ஜெயித்த பிறகும் ஸ்டேடியத்திலிருந்து யாரும் சந்தோஷமாக வெளியே வரமாட்டார்கள். மறுநாள் எங்கே போனாலும் ஒரே பேச்சு: "இவ்வளவுதானா இந்த டீம்?" இந்தப் பேச்சு எப்போது சரி, எப்போது அவசரம் என்று உங்கள் ஊர் அணியை வைத்து எழுதுங்கள். நான் ஒஹாயோ ஸ்டேட்டில் தொடங்குகிறேன்.

2024 அக்டோபர் 26, நெப்ராஸ்காவோடு மேட்ச். 21-17 என்று ஜெயித்தோம். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் கிடைத்தது மொத்தமே 64 யார்டு. என்னோடு வந்த நண்பர்கள் அன்றே சீசனுக்கு முடிவு எழுதிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் காரணம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. முந்தைய மேட்சில், ஒரிகனிடம் 32-31 என்று தோற்ற அன்று, முன்வரிசையின் இடது ஓரத்தில் நின்று எதிரணியைத் தடுக்கும் லெஃப்ட் டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸுக்கு முழங்காலில் அடிபட்டு சீசனே முடிந்துவிட்டது. அந்த இடத்துக்கு வந்தவர் திணறினார், பிறகு அவருக்கும் அடிபட்டது. அடுத்த வாரம் அதே முன்வரிசையில் உள்பக்கம், கார்டாக ஆடிக்கொண்டிருந்த டோனவன் ஜாக்சனை லெஃப்ட் டாக்கிளுக்கு மாற்றி பென் ஸ்டேட்டுக்குப் போனார்கள். 20-13. அதுவும் எப்படி? கடைசி ஐந்து நிமிடத்துக்கு மேல் பந்தை எதிரணிக்குக் கொடுக்காமல், ஓடி ஓடியே நேரத்தைக் கரைத்து ஜெயித்தார்கள். நடுவில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது இன்னும் வலிக்கிறது, ஆனாலும் அந்த சீசன் சாம்பியன் இவர்கள்தான்.

2015 வேறு மாதிரி. முந்தைய வருட சாம்பியன், சீசன் தொடங்கும் முன்பே ஏபி பட்டியலில் (விளையாட்டுச் செய்தியாளர்கள் ஓட்டுப் போட்டு வாராவாரம் அணிகளை வரிசைப்படுத்துவது) ஒரு ஓட்டுகூட மிச்சமில்லாமல் எல்லா ஓட்டும் வாங்கி முதலிடம். வடக்கு இல்லினாயிஸை 20-13 என்றுதான் ஜெயித்தார்கள், இந்தியானாவை 34-27. யாருக்கும் அடிபட்டதால் வந்த தடுமாற்றம் இல்லை அது. முந்தைய வருடம் அஃபென்ஸை, அதாவது தாக்கி ஆடும் பக்கத்தை, நடத்திய பயிற்சியாளர் டாம் ஹெர்மன் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் யார் என்பதே வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருந்தது. நவம்பரில் மிச்சிகன் ஸ்டேட் வந்து, தன் முதல் குவார்ட்டர்பேக் இல்லாமலேயே, 17-14 என்று ஜெயித்துவிட்டுப் போனது. எங்கள் முக்கிய ஓட்டக்காரர் எசக்கியல் எலியட் கையில் அன்று பந்தைக் கொடுத்தது 12 தடவைதான்! தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த என்எஃப்எல் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே 5 பேர் போன டீம் அது. செப்டம்பரில் கண்ணில் பட்ட கோளாறை நவம்பர் வரை யாரும் சரிசெய்யவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஏதென்ஸ், ஜார்ஜியா

எங்களுக்கு 2022 அக்டோபர் 1, மிசூரி. நான்காவது குவார்ட்டரில் 22-12 என்று பின்தங்கியிருந்தோம். அந்த மேட்சை ஸ்கோரை மட்டும் வைத்து எடைபோட்டால் ஜார்ஜியா சாம்பியன் ஆகும் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் மிசூரியின் 22 புள்ளி எப்படி வந்தது என்று பாருங்கள். ஐந்து ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி), ஒரே ஒரு டச்டவுன் (எதிரணியின் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி, அப்புறம் உதைத்து எடுக்கும் எக்ஸ்ட்ரா பாயிண்ட் 1). ஓர் ஓட்டத்தில் கோடி ஷ்ரேடர் 63 யார்டு பிய்த்துக்கொண்டு ஓடினார், மலாக்காய் ஸ்டார்க்ஸ் துரத்திப் போய் 1 யார்டு கோட்டில் சாய்த்தார். அங்கிருந்துகூட அவர்களால் டச்டவுன் போட முடியவில்லை, ஃபீல்டு கோலோடு திரும்பினார்கள். எனக்கு அன்று நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். கடைசியில் எங்கள் ஆட்கள் இரண்டு டச்டவுனும் நேராக இடித்து ஓடியே போட்டு 26-22 என்று முடித்தார்கள்.

மறுநாள் ஏபி பட்டியலில் எங்களை இரண்டாமிடத்துக்கு இறக்கிவிட்டு அலபாமாவை மேலே ஏற்றினார்கள். அதே மாதம் அலபாமா டென்னசியிடம் 52-49 என்று தோற்றது. நாங்கள் கடைசி மேட்சையும் சேர்த்து ஒன்றுகூடத் தோற்கவில்லை.

ஃபோர்ட் வொர்த், டெக்சஸ்

அந்தக் கடைசி மேட்சில் எதிரே நின்றது எங்கள் டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்). 65-7 என்று தோற்றோம். அதனால் நானும் சொல்லியாக வேண்டும்.

2022 முழுக்க எங்களைப் பற்றி ஒரே பேச்சுதான், அதிர்ஷ்டம், அதிர்ஷ்டம் என்று. ஒக்லஹோமா ஸ்டேட்டிடம் 24-7 என்று பின்தங்கி இரண்டாவது ஓவர்டைமில் 43-40. கான்சஸ் ஸ்டேட்டிடம் 28-10 என்று பின்தங்கி 38-28, அதில் அவர்கள் குவார்ட்டர்பேக்குகளுக்கு அடிபட்டது உண்மைதான். கான்சஸோடு ஏழு புள்ளி, வெஸ்ட் வர்ஜீனியாவோடு பத்து. பேலர் மேட்சில் கடைசி நொடிகளில் டைம்-அவுட் ஒன்றுகூட இல்லை, கிக்கர் கூட்டம் வெளியிலிருந்து ஓடிவந்து நின்று 40 யார்டு ஃபீல்டு கோல் அடித்தது, 29-28. அந்த ஓட்டத்தை அதிர்ஷ்டம் என்பவரோடு நான் சண்டைக்கே போவேன். பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்காதவர்களால் அந்தச் சில நொடிகளில் ஆளுக்கு ஆள் இடம் தப்பாமல் வந்து நிற்க முடியாது.

சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் மிச்சிகனை 51-45 என்று ஜெயித்தோம். அப்புறம் ஜார்ஜியா. எங்கள் லைனைவிட (முன்வரிசையில் மோதுகிறவர்கள்) அவர்கள் லைன் எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமானது என்பது எங்கள் லீக்கான பிக் 12 மேட்சுகளில் எங்கேயும் தெரியவில்லை. பேலரோடு ஒரு புள்ளியில் ஜெயித்ததை வைத்து 65-7 வரும் என்று கணித்தேன் என்று யாராவது சொன்னால், மிச்சிகனோடு என்ன ஆகும் என்று கணித்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

டல்லஹசி, ஃப்ளோரிடா

2014 ஃப்ளோரிடா ஸ்டேட்டை விட்டுவிட்டீர்களே. ஒரு மேட்ச்கூடத் தோற்காத டீமை, பிளேஆஃபுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு மூன்றாமிடத்தில் வைத்தது, மேலே இருந்த அலபாமாவும் ஒரிகனும் ஆளுக்கு ஒரு மேட்ச் தோற்றவை. காரணம் இந்தத் திரியின் விஷயம்தான்: பாஸ்டன் காலேஜோடு 20-17, ஃப்ளோரிடாவோடு 24-19, ஜார்ஜியா டெக்கோடு 37-35. எங்களுக்கு அப்போது ரத்தம் கொதித்தது. பிளேஆஃபின் அரையிறுதியான ரோஸ் பௌலில் ஒரிகன் எங்களை 59-20 என்று முடித்தது. பாதி மேட்ச் வரை 18-13தான், அதன் பிறகு பந்தைத் தவறவிட்டுத் தவறவிட்டுக் கொடுத்தோம். சீசன் முழுக்க முதல் பாதியில் தப்பு செய்துவிட்டு இரண்டாம் பாதியில் மீண்டு வந்த டீம், அன்று இரண்டாம் பாதியில் தப்பு செய்தது. குழு சொன்னது சரிதான் என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். ஜெயித்த டீமுக்கு ஜெயித்ததற்கான மரியாதை வேண்டும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை.

சவுத் பெண்ட், இந்தியானா

சுருக்கமாக: நாட்டர் டேம், 2024 செப்டம்பர். அதே வடக்கு இல்லினாயிஸ், எங்கள் ஊரிலேயே, 16-14. நாங்கள் தோற்றே போனோம். அடுத்த வாரம் பர்டூவை 66-7, அங்கிருந்து தொடர்ந்து 13 வெற்றி, ஃபைனலில் கொலம்பஸ் அண்ணன் டீமிடம்தான் 34-23 என்று நின்றோம்.

லிங்கன், நெப்ராஸ்கா

எல்லோரும் ஜெயித்த பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். நான் மறுபக்கம்.

2021இல் நாங்கள் 3 வெற்றி, 9 தோல்வி. ஒன்பதில் ஒன்றுகூட ஒன்பது புள்ளிக்கு மேல் போகவில்லை. ஒக்லஹோமாவோடு 23-16, மிச்சிகனோடு 32-29, மிச்சிகன் ஸ்டேட்டோடு ஓவர்டைமில் 23-20, ஐயோவாவோடு 28-21. எங்களிடம் தடுமாறிய டீமை எல்லாம் "இது பெரிய டீம் இல்லை" என்று ஒதுக்கினார்கள். அந்த மிச்சிகன்தான் அந்த வருடம் ஒஹாயோ ஸ்டேட்டை ஜெயித்து பிளேஆஃபுக்குப் போனது. எங்களைப் பார்த்தோ, இவ்வளவு நெருங்கித் தோற்பவர்கள் அடுத்த வருடம் ஜெயிப்பார்கள் என்றார்கள்.

உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது வெறும் துரதிர்ஷ்டமாகத் தெரியவில்லை. மிச்சிகன் ஸ்டேட்டோடு நாங்கள் அடித்த பண்ட் (பந்தை எதிரணியிடம் விட்டுக்கொடுத்துத் தூரமாக உதைப்பது) ஒரு பக்கம் போனது, எங்கள் ஆட்கள் மறுபக்கம் ஓடினார்கள், நேராக அவர்களுக்கு டச்டவுன். ஒக்லஹோமா எங்கள் எக்ஸ்ட்ரா பாயிண்ட்டைத் தடுத்து எடுத்துக்கொண்டு ஓடி இரண்டு புள்ளி சேர்த்தது. ஐயோவாவை 21-6 வரை முந்தியிருந்த மேட்சில் எங்கள் பண்ட்டைத் தடுத்து அதையும் டச்டவுன் ஆக்கினார்கள். ஒரே ஓட்டை, ஒவ்வொரு மாதமும். 2022இல் ஜார்ஜியா சதர்ன் எங்கள் ஊருக்கு வந்து 45-42 என்று ஜெயித்தது, மறுநாளே பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட்டை நீக்கினார்கள்.

கொலம்பஸ் அண்ணா, நீங்கள் சொன்ன 2024 மேட்ச் எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. நான்காவது குவார்ட்டரில் 17-14 என்று நாங்கள் முந்தியிருந்தோம், கடைசியில் எங்கள் குவார்ட்டர்பேக் ரயோலா வீசிய பந்தை உங்கள் ஜோர்டன் ஹான்காக் பிடித்து முடித்துவைத்தார். அதற்கு ஒரு வாரம் முன்னால் இந்தியானா எங்களை 56-7 என்று அடித்திருந்தது, அதனால்தான் எல்லோரும் உங்கள் டீமை அவ்வளவு திட்டினார்கள். ஆனால் அந்த 56-7இல் எங்கள் ஆட்கள் ஆடியது ஒரு ஆட்டம், கொலம்பஸில் ஆடியது வேறு ஆட்டம். இந்தியானா அணியின் ஊரான ப்ளூமிங்டனில் இருப்பவர்கள் யாராவது அந்த மேட்சை நேரில் பார்த்திருந்தால் எழுதுங்களேன், அன்று என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.