சின்ன வியாபாரத்துக்கு பிக் டேட்டாவால் காசு வருமா?

கேள்வி:
எங்களுடையது பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம். பிக் டேட்டா, அதாவது சாதாரண மென்பொருளால் கையாள முடியாத அளவு பெரிய தரவு, இல்லாமல் இனி தொழிலே இல்லை என்று ஒரு மென்பொருள் விற்பனையாளர் நச்சரிக்கிறார். கையில் நாலு வருட பில் விவரம் இருக்கிறது, அவ்வளவுதான். இதில் லாபம் பார்க்க முடியுமா?

பதில் 1:
முதலில் அது பிக் டேட்டாவே இல்லை. எக்செல்லில் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசை கொள்ளும், உங்கள் பில் அதற்குள் அடங்கினால் ஹடூப், ஸ்பார்க் போன்ற பிக் டேட்டா மென்பொருள்கள் பக்கமே போக வேண்டாம். ஒவ்வொரு வாடிக்கையாளரும் கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை முறை, மொத்தம் எவ்வளவு என்று மூன்று பத்தி போட்டுப் பாருங்கள். அடிக்கடி வாங்கிவிட்டுத் திடீரென நின்றுபோனவர்கள் தனியாகத் தெரிவார்கள். அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள், காசு அங்கேதான்.

பதில் 2:
நகராத சரக்கையும் பாருங்கள். ஆறு மாதமாக ஒன்றுகூட விற்காத பொருளை நாங்கள் பழக்கதோஷத்தில் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தோம். ஆனால் ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாகப் பதிவாகியிருந்ததைச் சுத்தம் செய்யவே மூன்று வாரம் போனது.

கேள்வி கேட்டவர்:
இங்கேயும் அதே கூத்துதான். போன் நம்பரை வைத்துச் சேர்க்கலாமா?

பதில் 2:
அதைத்தான் செய்தோம். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே நம்பர் கொடுத்திருப்பார்கள், அதை மட்டும் கவனியுங்கள்.