வெண்பட்டுக் கூடு: உடுமலை, கோபி பக்கம் உலர்த்தும் அடுப்பு கிடைக்குமாங்க?

கர்நாடகா ராம்நகர் பட்டுக்கூடு சந்தைக்கு இந்தத் தடவை வண்டி போறது நிச்சயமில்லீங்க. உடுமலைப் பக்கம் 250 முட்டைத் தொகுதி (ஒரு தொகுதின்னா ஒரு தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டைங்க) பட்டுப்புழு வளர்ப்பு, 200 கிலோவுக்குப் பக்கம் கூடு வரும். புழு இன்னைக்குத்தான் சந்திரிகை (கூடு கட்ட விடற தட்டு) ஏறி முடிஞ்சுது.

மஞ்சளாட்டம் மூட்டை கட்டி வைக்கற சரக்கில்லைங்களே இது. கூடு கட்ட ஆரம்பிச்ச ரெண்டு வாரம் போல ஆனா அந்துப்பூச்சி ஓட்டை போட்டு வெளிய வந்துரும். அப்புறம் இழை அறுந்து அறுந்து வரும், கூட்டுலிருந்து நூல் எடுக்கற நூற்பாளர் தொடமாட்டாங்க. அதுக்கு முன்னாடியே உள்ள இருக்கற புழுவைக் கொன்னு கூட்டைக் காயவெக்கணும்.

வெயில்ல காயவெச்சா இழையை ஒட்டியிருக்கற பசை கெட்டு இழை சரியாப் பிரியாது. ஆவியில வெச்சா புழு சாகும், ஆனா ஈரம் நிக்கும். நிழல்ல மெலிசாப் பரப்பலைன்னா பூஞ்சணம். வெப்பக்காத்து அடுப்புதான் சரி: 110 டிகிரியில ஆரம்பிச்சு 60க்குப் படிப்படியா இறக்கணும், அஞ்சாறு மணி நேரம். 100 கிலோ பச்சைக் கூடு 40 கிலோவா வந்தா மாசக்கணக்குல இருக்கும்.

கேக்கறது ரெண்டுதானுங்க. ஒரு வாரத்துக்குள்ள வாடகைக்கு அடுப்பு எங்க கிடைக்கும், கிலோவுக்கு என்ன கூலி? காஞ்ச கூடு எடுக்கற நூற்பாளர் நம்ம பக்கம் யாராச்சும் இருக்காங்களா? அடுப்புல ஒரு தடவைக்கு எத்தனை கிலோ பிடிக்கும்னும் சேத்துச் சொல்லுங்க.