மருந்தொழுங்கு: ‘அட்ஹியரன்ஸ்’ என்பதற்கு ஒரு சொல்

பாம்பனிலிருந்து:

அன்புடையீர், வணக்கம்.

இரத்த அழுத்த மாத்திரையை நோயாளி சொன்னபடி சாப்பிடுகிறாரா என்று பார்க்கிறோமே, அதை ஆங்கிலத்தில் ‘அட்ஹியரன்ஸ்’ என்கிறார்கள். தமிழில் அதற்கு ‘மருந்து இணக்கம்’, ‘மருந்து ஒழுக்கம்’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. இணங்குவது என்றால் மருத்துவர் சொல்லுக்குத் தலையாட்டுவது. அந்த வாடை வேண்டாமென்றுதான் மருத்துவ உலகம் ‘கம்ப்ளையன்ஸ்’ என்பதிலிருந்து ‘அட்ஹியரன்ஸ்’ பக்கம் நகர்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை நோயாளியின் ஒப்புதலையும் வரையறைக்குள் வைத்தது. ஒழுக்கம் அதைவிட மோசம். மாத்திரையை மறந்தவர் ஒழுக்கங்கெட்டவர் ஆகிவிடுவார்!

எங்கள் பட்டியலில் ஒரு விசைப்படகுத் தொழிலாளி இருக்கிறார். கையில் 30 மாத்திரை கொடுக்கிறோம். 28 நாள் கழித்து அட்டையை வாங்கிப் பார்த்தால் இரண்டு மிஞ்ச வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் சரியாக இரண்டுதான் மிஞ்சுகிறது. தொழில் தொடங்கிய பிறகு பார்த்தால் ஒன்பது. 28க்கு 21, அதாவது நூற்றுக்கு 75. ஆய்வுகளில் வழக்கமாக வைக்கும் எல்லையான 80க்குக் கீழே. ஆள் அதே ஆள்தான். அவருக்குக் கொடுத்திருப்பது நீர் பிரிக்கும் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு படகேறினால் வலை இழுக்கும் நேரத்தில் படும் பாடு அவருக்குத்தான் தெரியும்.

ஆகவே சொல் ஆளின் குணத்தைச் சுட்டக் கூடாது, மாத்திரை உள்ளே போகும் சீரைச் சுட்ட வேண்டும். ‘ஒழுங்காக மாத்திரை போடுகிறீர்களா?’ என்றுதான் செவிலியர்கள் கேட்கிறார்கள். அதையே எடுத்து ‘மருந்தொழுங்கு’ என்று வைக்கலாம். விட்டுப்போன வேளைக்கு ‘விடுவேளை’. அட்டையை எண்ணுவது ‘மாத்திரைக் கணக்கு’. மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய சில நாள் மட்டும் தவறாமல் விழுங்கும் வழக்கத்துக்கு ‘பார்வைநாள் ஒழுங்கு’. சிரிக்காதீர்கள், அன்றைக்கு அழுத்தம் சரியாகக் காட்டி நம்மை ஏமாற்றுவது அதுதான்.

கீழக்கரையிலிருந்து:

ஐயா, ஒழுங்கு என்றதும் எனக்கு ‘ஒழுங்கு நடவடிக்கை’ நினைவுக்கு வருகிறது. ‘வேளைதவறாமை’ ஆகாதா?

விடுவேளையிலும் ஒரு சிக்கல். நோன்பு மாதத்தில் இங்கே பலர் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, காலை மாத்திரையை நோன்பு திறந்த பிறகு போடுகிறார்கள். நாளுக்கு ஒன்று என்பது மாறவில்லை. அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரை ஒரு நாளைக்கு மேலும் உடலில் நின்று வேலை செய்யும் மருந்து. பதிவேட்டில் காலைக் கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக அதை விடுவேளை என்று எழுதினால் அநியாயம்.

பாம்பனிலிருந்து:

அம்மா, நோன்பு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. மருத்துவர் அறிய நேரம் மாறினால் ‘மாற்றுவேளை’ என்று தனிக் கட்டம் போட்டுவிடலாம்.

‘வேளைதவறாமை’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நேரத்தைப் பிடித்துக்கொண்டு அளவைக் கோட்டை விடுகிறது. மாத்திரை தீரப்போகிறதென்று பாதியாக உடைத்து, ஒரு வேளையும் தவறாமல் விழுங்குகிறவரை எங்கே சேர்ப்பீர்கள்? ஒழுங்கு என்பதில் நேரம், அளவு இரண்டும் அடங்கும்.

மாத்திரைக் கணக்கையும் அப்படியே நம்ப முடியாது. அட்டையில் குழி காலியானால் மாத்திரை வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஆச்சிக்குப் போயிருக்கலாம். சிறுநீரில் மருந்தின் சுவடு தேடும் சோதனை இருக்கிறது. அதை ‘மருந்துச்சுவடு சோதனை’ என்போம். நம் துணை சுகாதார நிலையத்தில் அதற்கு வழியில்லை.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று. 2012இல் வந்த வகைப்பாடு மருந்தொழுங்கை தொடக்கம், நடைமுறை, நிறுத்தம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. தலைசுற்றல் நின்றுவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று அடியோடு விட்டவரை விடுவேளைக் கணக்கில் சேர்க்க முடியாது. ‘மருந்துநிறுத்தம்’ என்றால் மருத்துவரே நிறுத்தியதாகப் படுகிறது. ‘கைவிடல்’ என்றால் பழி ஏறிவிடுகிறது. தொண்டி, ஏர்வாடி நண்பர்கள் சொல்லுங்கள், உங்கள் பக்கம் இதை எப்படிக் குறிக்கிறார்கள்?