அம்மாவும் மகளும் ஒரே சொராரிட்டியில்: நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

2020 பொங்கல் ஒரு புதன்கிழமை, ஜனவரி 15. லீவு கிடைக்கலை. புடவையாவது கட்டுவோம்னு ரோஸ் கலர், கிளிப்பச்சை பார்டர் ஒண்ணைக் கட்டிட்டு ஆபீஸ் போனேன் (மேரிலாந்து). லிஃப்ட் திறந்தா எதிர்ல எங்க மேனேஜர் அம்மா. ரோஸ் கோட், பச்சை ஸ்கார்ஃப், கழுத்துல முத்துமாலை. என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, "நீயும் எங்க ஆளா?"ன்னாங்க. நான் பொங்கல்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

அவங்க ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாங்கிற சொராரிட்டில உறுப்பினர். சொராரிட்டின்னா அமெரிக்காவுல கல்லூரிப் பெண்கள் சேர்ற சங்கம். வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துல கறுப்பினப் பெண்கள் 1908 ஜனவரி 15 அன்னிக்குத் தொடங்கினது. நிறமே ரோஸும் பச்சையும்தான். நம்ம சியாமளா கோபாலன் மகள் கமலா ஹாரிஸ் 1986ல சேர்ந்ததும் இதுலதான். காலேஜ் முடிஞ்சா விட்டுப்போற சங்கம் இல்லை, ஆயுசுக்கும் உறுப்பினர்.

மேனேஜருக்கு ஒரே மகள். சின்ன வயசுல அம்மாவோட ரோஸ் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கப் போய் நல்லா வாங்கிக்கட்டிக்கிட்டாளாம். சேராதவங்க சங்கத்துப் பேரோட கிரேக்க எழுத்து போட்டதை உடுத்தக்கூடாது. சேர்க்கும்போது நடக்கிற சடங்கைப் பத்திப் பெத்த மகள்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. அலமாரி மேல்தட்டுல பூட்டின பெட்டி ஒண்ணு. நகைப்பெட்டிச் சாவி எங்கேன்னு மகளுக்குத் தெரியும், இந்தச் சாவி தெரியாது. எங்கம்மா என்கிட்ட மறைச்சது பலகார டப்பா மட்டும்தான்.

2022 வசந்தத்துல மகளும் சேர்ந்தா. சடங்கு ரகசியம், ஆனா புதுசா சேர்ந்தவங்களை ஊருக்குக் காட்டற நிகழ்ச்சிக்கு யாரும் போகலாம், என்னையும் கூப்பிட்டாங்க. முகமூடி போட்ட பொண்ணுங்க, உயர வரிசையில, ஒருத்தி முதுகோட ஒருத்தி ஒட்டிக்கிட்டு, ஒரே காலடியா வந்தாங்க. ஒவ்வொருத்தியா முகமூடியை எடுத்தாங்க. ஆறாவது முகம் வெளியே வந்ததும் என் பக்கத்துல "ஸ்கீ-வீ!"ன்னு ஒரு கீச்சுக் குரல், அவங்க சங்கத்துக் கூவல். கூவினது எங்க மேனேஜர். ஆபீஸ்ல அவங்க குரல் உசந்து நான் கேட்டதே இல்லை. எல்லாம் முடிஞ்சு மகள் ஓடிவந்து கட்டிப்பிடிச்சு, அம்மாவை "சோரோர்"னு கூப்பிட்டா. லத்தீன்ல சகோதரின்னு அர்த்தம். பெத்தவளே அக்கா! நம்மூர்ல இப்படி முறை மாத்திக் கூப்பிட்டா கிழவிங்க விடுவாங்களா?

அடுத்த மூச்சுலயே, "அம்மா, பசிக்குது, கார் சாவி எங்க?"

* * *

நான் பார்த்தது வேறு மாதிரி. தென் மாநிலம் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் வீட்டு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மா, அவருடைய அம்மா, இரண்டு பேரும் ஒரே கல்லூரி, ஒரே சொராரிட்டி. மகளும் அதே கல்லூரிக்குப் போனாள். உறுப்பினரின் மகளை 'லெகசி' என்பார்கள், முன்பெல்லாம் அவளுக்குத் தனிச் சலுகை உண்டு. பழைய குடும்பங்களே சுற்றிச் சுற்றி உள்ளே வருகின்றன என்ற பேச்சு எழுந்து, 2020க்குப் பிறகு பல சொராரிட்டிகள் அதை எடுத்துவிட்டன. எடுத்தது நியாயம்தான் என்பேன்.

ஆகஸ்டில் புது உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் 'ரஷ்' வாரத்தின் நடுவிலேயே அம்மாவின் சங்கம் மகளைக் கழற்றிவிட்டது. அவள் வேறொன்றில் சேர்ந்து சந்தோஷமாகத்தான் இருந்தாள். இடிந்துபோனது அம்மாதான். ஒரு சாயங்காலம் வாடகை கொடுக்க மேலே போனேன். சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு சின்னத் தகர டப்பா, உள்ளே பஞ்சில் பாட்டியின் சங்க பேட்ஜ், விரல் நகம் அளவு, ஓரம் முழுக்கப் பொடி முத்து. பாலிஷ் போட்டு வைத்திருந்தார். "இதை இனி யாருக்குக் குத்திவிடறது?" என்றார். காசோலையை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நியாயம் என்று சொன்னேனே, அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

* * *

எங்க லைப்ரரில நான் பார்த்த அம்மா-மகள் கதை தலைகீழ். மகள் சீனியர், அம்மா ஜூனியர்! மகள் 2009ல காலேஜ்லயே டெல்டா சிக்மா தீட்டால சேர்ந்துட்டா. அதுவும் ஹோவர்ட்ல பிறந்ததுதான், 1913 ஜனவரி. ரெண்டே மாசத்துல, மார்ச் 3, பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு வாஷிங்டன்ல நடந்த ஊர்வலத்துல போய் நின்னவங்க. அம்மா பிள்ளைகளை வளர்த்துட்டு, அம்பது தாண்டி டிகிரி முடிச்சு, படிச்சு முடிச்சவங்களுக்குன்னு இருக்கிற கிளை வழியா சேர்ந்தாங்க.

டெல்டாக்காரங்க ரெண்டு கை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து முக்கோணம் பிடிப்பாங்க. இந்த அம்மாவுக்கு மூட்டுவாதம், வலது கட்டைவிரல் நேரா நிக்காது. போட்டோ எடுக்கிற ஒவ்வொரு தடவையும் மகள் பக்கத்துல வந்து, புடவை மடிப்பு சரி பண்ற மாதிரி, அந்த விரலை நிமிர்த்தி வச்சிட்டுப் போவா. கை எடுத்ததும் அது மறுபடி மடங்கிடும். ஒரு போட்டோலயும் முக்கோணம் ஒழுங்கா விழலை.

* * *

முதல் பதிவு போட்டவள்தான். டெல்டா நிறம் அரக்குச் சிவப்பாச்சே! அடுத்த பொங்கலுக்கு அதைக் கட்டிட்டுப் போனா எங்க மேனேஜர் என்னோட பேசமாட்டாங்க.

இன்னொண்ணு. தெற்காசியப் பொண்ணுங்க ஹூஸ்டன்ல தொடங்கின டெல்டா ஃபை ஒமேகாங்கிற சொராரிட்டி 1998ல வந்தது. அன்னிக்குச் சேர்ந்தவங்க பொண்ணுங்களுக்கு இப்பத்தான் காலேஜ் வயசு. அந்த வீட்டுக்காரங்க யாராவது இங்க இருந்தா எழுதுங்க. பெட்டிச் சாவி இப்ப யார்கிட்ட?