காரைக்குடிப் பக்கம் நல்ல மெஸ்ஸும், உப்புக்கறிக்கு ஏத்த ஒயினும் சொல்லுங்களேன்

அண்ணன்மாரே, ஆச்சிமாரே, வணக்கம். பெங்களூரிலிருந்து மச்சான் குடும்பத்தோட அடுத்த வாரம் வர்றார். காரைக்குடி 'தி பங்களா' ஹோட்டல்ல வாழையிலைச் சாப்பாடு முடிவாயிடுச்சு. அது போக, வெளியூர்க்காரங்கன்னு காரத்தைக் குறைக்காத மெஸ் ஒண்ணு வேணும். குழம்புல கல்பாசி, மராட்டி மொக்கு வாசம் தெரியணும். அன்னாசிப்பூவை அள்ளிப் போட்டு அதை அமுக்கிடக் கூடாது.

ராத்திரி வீட்டில உப்புக்கறி. சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு, கறி, அவ்வளவுதான்; காரம் நேரா நாக்கில நிக்கும். மச்சான் ரெட் ஒயின் வாங்கிட்டு வர்றேங்கிறார். துவர்ப்பும் ஆல்கஹாலும் தூக்கலா இருந்தா மிளகாய்க் காரம் இன்னும் ஏறும். லேசான இனிப்பும் புளிப்பும் இருக்கிற நாசிக் செனின் பிளாங்க், அதான் வெள்ளை ஒயின், நல்லா ஜில்லுனு இருந்தா பொருந்தும்னு எனக்குப் படுது. பீர்னா கசப்பான ஐபிஏ வேண்டாம், கோதுமை பீர்தான். ஜெர்மன் வகையில ஈஸ்ட்டால வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வரும், கறிக்கு அது எடுப்பு.

உப்புக்கறியோடயோ நண்டு மசாலாவோடயோ இதையெல்லாம் ருசி பார்த்தவங்க பாட்டில் பேரோட எழுதுங்க. அத்தைக்கு வெள்ளைப் பணியாரம் சூடா எங்க கிடைக்கும்னும் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.