அம்மா வீட்டில் பத்து நாட்கள்: நடையும் வாசிப்பும் விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

கேள்வி – தாம்பரவாசி

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு மதுரையில் உள்ள அம்மா வீட்டுக்குப் பத்து நாட்கள் செல்லவிருக்கிறேன். சென்ற ஆண்டு ஆகஸ்டில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6.1 சதவீதம், அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை, என்று வந்தது. அன்றிலிருந்து வாரத்தில் ஐந்து நாட்கள் முக்கால் மணி நேர நடையும் இரண்டு நாட்கள் எடைப் பயிற்சியும் செய்துவருகிறேன். இரவு படுக்கும் முன் இருபது பக்கமாவது வாசிப்பது அதற்கும் முந்தைய பழக்கம்.

மே மாத விடுமுறையில் இரண்டுமே முதல் நாளிலேயே நின்றுபோயின. காலையில் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பினால், "வந்த இடத்திலாவது கொஞ்சம் உடம்புக்கு ஓய்வு கொடேன்" என்பார் அம்மா. அந்தக் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்ட பிறகு வாசற்படியைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. இரவு புத்தகத்தைத் திறந்தால், "எங்களோடு பேச உனக்கு ஒன்றுமே இல்லையா?" என்று அப்பா கேட்டார். இடையில் வெறும் சாப்பாடும் தொலைக்காட்சியும்தான். அந்தப் பத்து நாட்கள் போனதற்காக நான் வருந்தவில்லை. சென்னைக்குத் திரும்பியபின் மறுபடி தொடங்க ஆறு வாரங்கள் ஆயின, அதை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. வீடு தெப்பக்குளத்துக்கு அருகில் இருக்கிறது. எனக்கென்று தனி அறை கிடையாது. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. அவர்கள் மனம் நோகாமல் இவ்விரண்டையும் தொடர்ந்தவர்கள் யாரேனும் இருந்தால் வழி சொல்லுங்கள்.

மறுமொழி – வைகைக்கரை

உங்கள் வீடு தெப்பக்குளத்தருகே இருப்பதால் பாதி வேலை முடிந்தது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்டது. ஒரு சுற்று சுமார் 1.2 கிலோமீட்டர் வரும். நான்கு சுற்று வேகமாக நடந்தால் ஐம்பது நிமிடங்கள் ஆகிவிடும். மார்கழிக் காலையில் அங்கே நடப்பவர்கள் ஏராளம் என்பதால் இருட்டில் தனியாகப் போகிறோமே என்ற அச்சமும் வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் சிக்கல் இடத்தைப் பற்றியது அன்று. "நான் போய் வருகிறேன்" என்று சொல்வதற்குப் பதிலாக, "வாங்கம்மா, குளத்துப் பக்கம் போய் வரலாம்" என்று அழைத்துப் பாருங்கள். என் தாயாருக்கும் முழங்கால் வலிதான். முதல் நாள் மைய மண்டபத்தைப் பார்த்தபடி குளத்தின் சுற்றுச்சுவரில், புடவைத் தலைப்பைக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒவ்வொரு சுற்று முடித்து வரும்போதும் இரண்டு நிமிடம் நின்று பேசிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனேன். நான்காம் நாள் அவராகவே எழுந்து ஒரு பக்கம் முழுக்க என்னோடு நடந்தார். திரும்பும் வழியில் ஆளுக்கொரு குவளை பருத்திப்பால் வாங்கிக் குடிப்போம். (அதில் கருப்பட்டியோ வெல்லமோ சேரும் என்பதால் நீங்கள் தாயாருக்கு மட்டும் வாங்கிக் கொடுப்பது நல்லது.) வீட்டில் ஒருமுறைகூடச் சொல்லாத எத்தனையோ பழைய கதைகளை அந்தச் சுவரில் உட்கார்ந்துதான் எனக்குச் சொன்னார்.

மறுமொழி – இயன்முறை மருத்துவர், திருச்சி

அளவைப் பற்றி ஒரு விளக்கம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாட்கள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. 2010ஆம் ஆண்டுப் பரிந்துரையில், ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றிருந்தது. புதிய பரிந்துரையில் அந்த நிபந்தனை நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே முக்கால் மணி நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வதில் தவறில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு அதில் கூடுதல் நன்மையும் உண்டு. சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையின் வேகம் குறையும். விருந்துச் சாப்பாடு மிகுந்த நாட்களில் இதுவே முதலில் காப்பாற்ற வேண்டிய பழக்கம் என்பேன்.

எடைப் பயிற்சிக்கு ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழலாம், சமையல் மேடையில் கையூன்றித் தண்டால் எடுக்கலாம், மாடிப்படியின் முதல் படியில் ஏறி இறங்கலாம். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு முறை வீதம் மூன்று சுற்றுகள் முடிக்க இருபது நிமிடங்கள் போதும். வழக்கமான அளவில் பாதியைச் செய்தாலும், முயற்சியின் கடுமையைக் குறைக்காமல் செய்தால் பத்து நாட்களில் வலு குறைந்துவிடாது. திரும்பிய மறுநாளே தொடங்குவதற்கு வேண்டிய ஏற்பாட்டைக் கிளம்பும் முன்பே செய்துவிட்டுப் போங்கள். என்னிடம் வருபவர்களில் பலர் ஊருக்குப் போய்த் திரும்பிய முதல் வாரத்தில்தான் பயிற்சியைக் கைவிடுகிறார்கள்.

மறுமொழி – கிளை நூலக வாசகி

நடையைவிட வாசிப்பே கடினம் என்பது என் அனுபவம். நடந்துவிட்டு வருபவரை யாரும் தவறாக நினைப்பதில்லை. கூடத்தில் நாலு பேர் இருக்கும்போது புத்தகத்தில் முகம் புதைப்பவரைப் பார்த்தால், நம்மோடு இருக்க இவருக்கு விருப்பமில்லை என்றே பெரியவர்களுக்குத் தோன்றுகிறது. அவர்கள் அப்படி எண்ணுவதில் நியாயமும் இருக்கிறது. அதனால் நான் இரவு வாசிப்பை அங்கே முழுவதுமாக விட்டுவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை வீடே உறங்கும் அல்லவா, அந்த நேரத்தில்தான் படிக்கிறேன். தடித்த நாவலைக் கொண்டுபோவதில்லை. எட்டுப் பத்துப் பக்கத்தில் முடியும் சிறுகதைகள்தான் இடையில் யாராவது அழைத்தாலும் அறுந்துபோகாமல் நிற்கின்றன.

உங்கள் தந்தையாருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது என்கிறீர்கள். அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டலாமே! என் மாமனாருக்கு நாள்தோறும் ஒரு கதை வாசித்தேன். கரிசல் வட்டாரச் சொல் வரும் இடங்களில் என் உச்சரிப்பை நிறுத்தித் திருத்துவார். "மம்பட்டின்னு சொல்லு, மண்வெட்டியாம் மண்வெட்டி" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்றாம் நாள், வாசிப்பு நேரம் ஆகிவிட்டது என்று அவரே என்னை அழைத்தார். பழைய நூல்கள் வேண்டுமானால், 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட, தமிழ் நூல்களை மின்னூலாக்கும் தன்னார்வ முயற்சியான மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் அவரே படிக்கவும் முடியும். பிள்ளைகளுக்கு ஒரு நாளை ஒதுக்கிப் புதுநத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சிறுவர் பகுதியை விட்டு அவர்களைக் கிளப்புவது சிரமம், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

மறுமொழி – சாத்தூர்க்காரன்

மேலே சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. பத்து நாட்களையும் அட்டவணை போட்டு நிரப்ப வேண்டாம். நெடுந்தூர ஓட்டப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஆண்டில், ஊரில் இருந்த ஒரு வாரமும் விடியலில் ஓடப் போய்விட்டு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பினேன். என் தந்தை ஆறு மணிக்குக் காப்பி குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், அப்போதுதான் நன்றாகப் பேசுவார். அடுத்த விடுமுறைக்கு அவர் இல்லை. இரண்டு நாட்களையாவது எந்தக் கணக்கும் இல்லாமல் விட்டுவிடுங்கள், சகோதரி.

கேட்டவரின் பதில் – தாம்பரவாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சாத்தூர் நண்பர் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. வைத்திருந்த கால அட்டவணையைக் குறைத்துவிட்டேன்: ஆறு நாட்கள் குளத்தைச் சுற்றி நடை, இரண்டு நாட்கள் அரிசிப் பை, மீதி நாட்களுக்கு எதுவும் இல்லை. அறுநூறு பக்க நாவலைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு ஒரு சிறுகதைத் தொகுப்பை வைத்திருக்கிறேன். திரும்பிய மறுநாள் காலை நடைக்குப் பக்கத்து வீட்டுத் தோழியிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

நேற்று இரவு அம்மாவிடம் தொலைபேசியில், காலையில் என்னோடு தெப்பக்குளத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். சிறிது நேரம் பதிலே இல்லை. பிறகு, "இந்தச் செருப்பு வழுக்குமே, வரும்போது எனக்கு ஒரு ஜோடி வாங்கிட்டு வா, ஏழாம் நம்பர்" என்றார்.